யாதும் ஊரே: இரண்டு குரல்களில்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன்னர் இரண்டு மாணவிகள் கிட்டாருடன் ‘யாதும் ஊரே’ பாடினார்கள். முன்வரிசை அக்காமார் கைதட்டித் தாளம் போட்டார்கள். அவர்களிலேயே சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். ஒரு துள்ளல் பாட்டுக்கு ஏன் கண்ணீர்? எங்கள் வகுப்பின் சார்பில் அதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் பாட்டு இது. ஓர் இசைக்குழுவின் கதை, கே. பாலசந்தர் பெரும்பகுதியைச் சிங்கப்பூரில் எடுத்தார். எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைக்க, கண்ணதாசன் பாடல்களை எழுதினார். இதைப் பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும். ஆனால் பாட்டின் முதலடி கண்ணதாசனுடையது அல்ல. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் சொன்னது. தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்து ஒப்புவித்த அடி, ரொக் இசையில் ஆடிக்கொண்டு வந்தது. கேட்டவர்கள் அதை விடவில்லை. இன்று பாடிய பிள்ளைகள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முந்திய பாட்டு. ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள்.

எங்கள் அம்மாமாருக்கு அது வேறு விதமாகக் கேட்டது. லயத்தில் ஒரு வீட்டில் வானொலி பாடினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். அதே வருடங்களில்தான் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு வந்து ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். வகுப்பில் ஒரு மேசை திடீரென்று வெறுமையாகும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

படத்தில் பாடுகிறவர்கள் விரும்பிய ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள். எல்லா ஊரும் எம் ஊர் என்பது அவர்களுக்குக் கொண்டாட்டம். எந்த ஊரும் தன் ஊர் என்று சொல்லமுடியாதவர்களுக்கு அதே சொல் ஏக்கம். அந்தப் பாட்டில் எங்கள் அம்மாமார் கேட்ட இரண்டு குரல்கள் இவைதான்: போனவரின் குரல், இருந்தவரின் குரல். ஜோடிப்பாட்டில் ஒருவர் பாடினால் மற்றவர் பதில் பாட வேண்டும். பதில் இல்லாவிட்டால் அது பாதிப்பாட்டு.

எங்களில் மருத்துவர்களாக இருப்பவர்கள் கிளினிக்கில் தினமும் முகவரி எழுதுகிறோம். தோட்டத்தின் பெயரும் டிவிசனும் வரும். வீட்டு இலக்கம் கேட்டால் சிரிப்பார்கள். எங்களில் ஒருத்திக்கு எதிரே ஒருநாள் வந்து உட்கார்ந்தவர், எட்டாம் வகுப்புவரை அவளோடு ஒரே வாங்கில் இருந்தவர். கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள். எங்களில் ஒருத்தி, “சங்கக் கூட்டத்துக்கு ஏன் வர்றதில்ல?” என்று கேட்டாள். “நான் எட்டாவதோட நின்னுட்டேனே டொக்டர், எனக்கு எப்படி அது?” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், இப்போது ‘டொக்டர்’ என்கிறார். அன்று பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

பதில் பூங்குன்றனாரிடம் இருக்கிறது. பாட்டு எடுத்துக்கொண்டது தொடக்கத்தை மட்டும். மூலப் பாடல் மேலும் போகிறது. கல்லில் மோதி ஓடும் ஆற்றில் தெப்பம் போனபடி போவதுபோல உயிரும் போகிறது என்கிறது. ஆகையால் பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. தெப்பம் எங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. எங்கள் தோழியை மலைக்குக் கொண்டுபோனது. இருவரும் ஏறிய துறை இந்தப் பாடசாலைதான்.

எனவே நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள். எங்கள் அங்கத்துவப் படிவத்தில் ‘சாதாரண தரம் எழுதிய ஆண்டு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘பாடசாலையில் சேர்ந்த ஆண்டு’ என்று போடுவோம். ஒரு தவணை படித்தவரும் பழைய மாணவிதான். நீலகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவர்கள், இடையில் நின்று கொழுந்துக்கூடை சுமந்தவர்கள், எல்லோருக்கும் அந்தப் படிவம் போகட்டும். வீட்டு இலக்கம் இல்லாதவருக்கு நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் கொழும்பிலும் இந்த மலரைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் வாங்கில் உங்களோடு இருந்து இடையில் காணாமற்போன ஒருவரின் பெயரை இன்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வருடக் கூட்டத்தில் இதே பாட்டை மறுபடியும் பாடுவோம். அப்போது பதில் குரலும் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும்.