கண்ணின் நிறமும் கண் மருந்தும்



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அறிவியல் செய்தி ஒன்றை உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் கண் மருத்துவ முகாம் நடைபெற்றது. நாஞ்சில் நாட்டில் அது கும்பப்பூ அறுவடைக் காலம். வயலிலிருந்து வந்த முதியோர்க்குக் கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடப்பட்டது. அரை மணி கழிந்தும் பலருக்குப் பாவை போதிய அளவு விரியவில்லை. மீண்டும் மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும் என்றனர். "நம் கண்ணுக்கு மருந்துகூடப் பிடிக்காது போலும்" என்று கூறி, அரைநாள் கூலியேனும் கிட்டட்டும் எனச் சிலர் எழுந்து சென்றனர். அவர்களுக்குக் கூற அன்று எம்மிடம் விடை இல்லை. பின்னர்ப் பயின்று அறிந்தோம்.

பாவையைச் சுற்றி ஐரிஸ் என்னும் நிறத்திரை உள்ளது. அதற்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமியே. தோலுக்கு நிறம் தருவதும் அதுவே. நீலக் கண்ணில் நீலச் சாயம் ஏதுமில்லை. மெலனின் குறைவாக இருப்பதே அதன் காரணம். நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் போன்ற மருந்துகளை மெலனின் பற்றி வைத்துக்கொள்கிறது. பின்னர்ச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. ஆகவே கருங்கண்ணில் பாவை மெல்ல விரிகிறது. விரிந்த பின் நெடுநேரம் நிற்கிறது.

1929-ஆம் ஆண்டில் சென், போத் என்னும் ஆய்வாளர் இருவர், இத்தகைய மருந்துகள் வெள்ளையர் கண்ணில் மிகுதியாகவும் கறுப்பர் கண்ணில் குறைவாகவும் செயற்படுவதைக் கண்டு, அதனை இன வேறுபாடு என்றே எழுதினர். இனத்தின் பெயரால் கூறப்பட்டது நிறமியின் வேலை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அன்பர்களே, இது குறையன்று. உயர்வு தாழ்வும் இதில் இல்லை. வேண்டுவது இன்னொரு சொட்டும் சற்றுப் பொறுமையுமே.

அந்தப் பொறுமைக்கு விலை உண்டு என்பதை யாம் அறிவோம். ஆயினும் நீரிழிவால் விழித்திரை கெடுவது தொடக்கத்தில் நோயாளிக்குத் தெரியாது. பாவையை விரித்து நோக்கினால்தான் மருத்துவர் அதனை நன்கு காண இயலும். எழுந்து சென்றவர் இழப்பது பார்வையாகவும் இருக்கலாம்.

ஆதலின் இரு வேண்டுகோள்கள். முகாம் நாளில் முதியோர் இழக்கும் கூலியைச் சங்கம் ஈடு செய்தல் வேண்டும். மாணவர்களே, நீங்கள் தாத்தா பாட்டியின் அருகிலிருந்து காரணத்தை எடுத்துரையுங்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். கைப்பிடித்து வீடு சேருங்கள்.

கற்ற கல்வி பெற்றோரின் கண்ணைக் காக்கட்டும் என்று கூறி அமைகின்றோம்.