மூக்குத் தண்டு ஆபரேஷன்: சிக்கல் வராமல் தடுப்பது எப்படி?

நான் தருமபுரி மாவட்டத்துல காது மூக்கு தொண்டை மருத்துவரா இருக்கேன். மூக்குத் தண்டு வளைவுக்கு ஆபரேஷன்னு சொன்னதும் பலரும் கேட்கிறது ரெண்டு கேள்வி: "டாக்டர், மூக்கு சப்பையாயிடுமா? உள்ளே ஓட்டை விழுமா?" நியாயமான பயம்தான்.

ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணு. மூக்கின் நடுச்சுவரில் இருக்கிற குருத்தெலும்புக்குச் சொந்தமா ரத்தக்குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற சவ்வுதான் அதுக்குச் சோறு போடுது.

அதனால சவ்வைக் கிழியாமல் பிரிக்கிறதுதான் எங்களுடைய முதல் வேலை. ஒரு பக்கம் கிழிஞ்சா பெரும்பாலும் ஆறிடும். ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் கிழிஞ்சாதான் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, எவ்வளவு எடுக்கிறோம் என்பது. 1900களின் தொடக்கத்தில் ஃப்ரீர், கில்லியன் இருவரும் பரப்பிய முறையில் குருத்தெலும்பைப் பெருமளவு வெட்டி எடுத்தாங்க. இன்னைக்குக் கூடியவரை நேராக்கி, அப்படியே வைக்கிறோம். மூக்கின் மேல்பக்கமும் முன்பக்கமும் குறைந்தது 1 செ.மீ. அகலப் பட்டையைத் தொடுவதில்லை. 'ட' எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும் அந்தப் பட்டைதான் மூக்கைத் தாங்குற தூண்.

கடைசியா, சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் தேங்கக் கூடாது. தேங்கினா சில நாட்களிலேயே குருத்தெலும்பு செத்துப்போகும், சீழும் பிடிக்கலாம். இதைத் தடுக்கத்தான் சவ்வுகளைச் சேர்த்துத் தையல் போடுறோம், தேவைப்பட்டா பஞ்சு அடைக்கிறோம்.

உங்க பங்கும் இருக்கு. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொல்றவரை மூக்கைச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. மூக்குப்பொடி, பீடி, சிகரெட் கூடாது. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குறவங்க குறைந்தது ரெண்டு வாரமாவது சுமை தூக்காதீங்க.

பஞ்சு எடுத்த பிறகு லேசா அடைப்பு இருக்கிறது சகஜம். ஆனா ரெண்டு பக்கமும் இறுக அடைச்சு, வலி கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ அன்னைக்கே வரணும். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வர்றவங்க, "அடுத்த வாரம் காட்டச் சொல்லியிருக்காங்களே"ன்னு காத்திருக்காதீங்க. தேங்கின ரத்தத்தை அன்னைக்கே எடுத்துட்டா, பெரும்பாலும் மூக்கைக் காப்பாத்திடலாம்.