பாம்பனுக்குத் தெற்கே

ராமேசுவரம் போகும் பேருந்து பாம்பன் பாலத்தின் உச்சிக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ரயில் பாலத்தைத் தேடும். இன்று அதை விட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இந்த ஊர்க்காரர்களுக்கு அவை வடகடல், தென்கடல். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் குமுறும், தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வந்துவிட்டால் தென்கடலில் படகு இறக்கவே தயங்குவார்கள். ஒரு பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கு அப்பால் இரண்டு பருவங்கள்.

நாம் போவது தென்கடலுக்கு. இங்கிருந்து தூத்துக்குடி வரை, கரையை விட்டு அதிகம் விலகாமல், 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, தலையாரி, வாலிமுனை, நல்லதண்ணி, காசுவார், வான்தீவு... ஒன்றிலும் ஊர் கிடையாது. இவற்றையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் அதைச் சுற்றி இன்னும் பெரிய எல்லை வகுத்து, 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். 2001-ல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இதுவும் சேர்ந்தது.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10,500-ல் 560 மட்டுமே யாரும் கை வைக்கக் கூடாத மையப் பகுதி. அதைச் சுற்றி, கட்டுப்பாட்டோடு சில வேலைகள் நடக்கக்கூடிய இடைப்பகுதி. அதற்கும் வெளியே மீன்பிடி ஊர்கள், உப்பளங்கள், துறைமுகங்கள், பள்ளிகள், சந்தைகள். யுனெஸ்கோ 1971-ல் தொடங்கிய ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டத்தின் அடிப்படையே இதுதான்: ஆட்களை வெளியேற்றிவிட்டு வேலி போடுவதை விட, அங்கே பிழைப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு இயற்கையைக் காப்பது. காகிதத்தில் மூன்று வண்ணம் தீட்டிவிடலாம். கடலில் கோடு எங்கே தெரிகிறது? படகில் போனால் எல்லாம் ஒரே நீலம்தான்.

பாம்பன் அருகே குந்துக்காலில் படகு ஏறுகிறோம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்திறங்கிய கரை இது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பாடப்புத்தகத்திலிருந்தே பழக்கம்; முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் இடையிலான உறவைக் காட்டும் பாலனோகிளாசஸ் புழு இத்தீவின் மணலில் வாழ்கிறது.

தண்ணீர் தெளிந்திருந்தால் படகிலிருந்தே அடித்தளம் தெரியும். முதலில் கடற்புல். நாற்றங்கால் மாதிரி அடர்ந்து, நீரோட்டம் சாய்க்கும் பக்கமெல்லாம் சாய்ந்து கிடக்கும். இதை மேய்வதுதான் கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பத்தடி நீளம் வளரும், பாலூட்டும், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று, அதுவும் மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு காலத்தில் இதன் இறைச்சிக்கு மருத்துவ குணம் உண்டென்று நம்பி வேட்டையாடினார்கள். இன்று வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று வலையை அறுத்து விடுவிக்கிற மீனவர்கள் இந்தக் கரைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்துப் பாராட்டுகிறது. 2022-ல் வடகடலில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் கடல்பசுக் காப்பகம் அமைந்ததற்கு இத்தகையவர்களின் ஒத்துழைப்பும் காரணம் என்பேன்.

புல்வெளி தாண்டினால் பவளப் பாறை. மான்கொம்பாகவும் மூளையாகவும் தட்டாகவும் உருவெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பவளங்கள். அத்தனையும் கடுகளவு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியவை.

அந்தச் சுண்ணாம்புக்காகவே தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கரையேற்றினார்கள். சூளைக்கும் கட்டுமானத்துக்கும் போனது. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த சுவர் போனதும் தீவுகள் கரையத் தொடங்கின. கீழக்கரை அருகே பூவரசன்பட்டியும் தூத்துக்குடி அருகே விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 21 என்று இன்னமும் சொல்கிறோம், மேலே தெரிபவை 19. வான்தீவு 1960-களின் இறுதியில் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது; 2015 வாக்கில் 2 ஹெக்டேர்கூட இல்லை. அதன் முன்னால் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் வரிசையாக இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் தேய்மானம் மட்டுப்பட்டது. அந்தக் கான்கிரீட்டில் மீன்கள் குடியேறின. அருகே காரைச்சல்லியும் தேய்ந்துகொண்டிருக்கிறது. கடல் சூடேறும் ஆண்டுகளில், 1998, 2010, 2016-ல், பவளங்கள் வெளுத்துச் செத்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டுவதை நிறுத்த உள்ளூர்ச் சட்டம் போதும். சூட்டுக்கு அது போதாது.

இப்போது படகைச் சின்னப்பாலம் என்ற மீனவ ஊர்ப் பக்கம் திருப்புவோம். இங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆடைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, முகக்கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக் கீழே போய், பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து மேலே வருவார்கள். மறுபடி மூழ்குவார்கள். கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று காலத்துக்கு ஏற்ப வேறு பாசிகளும் உண்டு. கடற்கரையில் காயவைத்து விற்றது, எங்கோ ஒரு தொழிற்சாலையில் அகர் ஆகவும் அல்ஜினேட் ஆகவும் மாறி, ஐஸ்கிரீமிலும் மருந்திலும் நம்மிடம் வந்து சேர்கிறது.

பாசி செழிப்பது தீவுகளை ஒட்டிய பாறைகளில். அதாவது மையப் பகுதியில். அந்தக் கோடு வரையப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே மூழ்கிய பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பாசியைப் பறிமுதல் செய்வதும் அபராதம் போடுவதும் நடந்தன. கோடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பவளம் மிதிபட்டால் மீள வெகுகாலம் ஆகும். ஆனால் அந்தப் பாறைகளை உள்ளங்கை போல அறிந்தவர்களைக் கலந்துகொள்ளாமல் கோடு போட்டது பெரும் குறை.

அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, தாங்களே விதி வகுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது. இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு விடுவது. வேர்ப்பிடி பாறையில் தங்கினால்தான் அடுத்த முறை பாசி தளிர்க்கும் என்பது அவர்களுக்குத் தண்ணீருக்குள்ளேயே தெரிந்த கணக்கு. இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. நீடித்த வளர்ச்சி என்று மேடைகளில் பேசுகிறோமே, அதை இங்கே மூச்சடக்கிச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாற்றுத் தொழில் என்று சொல்லி வந்த இன்னொரு கதையும் உண்டு. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வேகமாக வளர்ந்தது, பெண்கள் கையில் பணம் புழங்கியது. 2008-ல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பது தெரிந்தது. மூடிய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, செத்துப்போகும். இன்றும் அதைப் பிடுங்கி எறியும் வேலை முடியவில்லை. காப்பகம் ஒன்றில் எந்தப் புதிய தொழிலைக் கொண்டுவந்தாலும் அது மையப் பகுதிக்கு என்ன செய்யும் என்று முதலில் பார்க்க வேண்டும். மிதவையைக் கட்டிய பெண்கள் மேல் இந்தப் பழி விழக் கூடாது.

என்னுடைய ஆசை ஒன்றே. பாசி எடுக்கும் பெண்களுக்கு முறையான அனுமதி கொடுத்து, அவர்கள் வகுத்த 12 நாள் விதியையே சட்டத்தின் விதியாக எழுதி, கண்காணிப்பிலும் அவர்களுக்கு இடம் தர வேண்டும். தினமும் அடித்தளத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பவளம் வெளுத்ததையும் புதுப் பாசி படர்ந்ததையும் அவர்களைவிட முன்னதாக யார் சொல்ல முடியும்?

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் தை பிறந்து பங்குனி முடிவதற்குள் போங்கள். அப்போதுதான் தென்கடல் அடங்கியிருக்கும். குந்துக்காலிலிருந்து குருசடைக்கும், ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையிலிருந்து பவளப் பாறைகளைப் பார்க்கவும் வனத்துறை ஏற்பாட்டில் படகுகள் உண்டு. மற்றத் தீவுகளில் இறங்க யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். கடைகளில் பவளக் கல்லைக் காட்டினாலும் வாங்காதீர்கள்; 2001 முதல் அது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.