ஏழு ஆஸ்பத்திரிகளும் ஒரு தொழிலாளியும்

(விவசாயத் தொழிலாளர்களின் பயிற்சி வகுப்பில் கட்சி ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



1992 ஜூலை 8ந் தேதி இரவு ஏழே முக்கால் மணி. மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளைக்குள் ரத்தக் கசிவு. உடனிருந்தவர்கள் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தூக்கி ஓடினார்கள். அங்கே வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள்.

கல்கத்தாவில் நீல்ரதன் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி இரவு பதினொன்றே முக்கால். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே சேர்க்க வேண்டும் என்று சீட்டும் எழுதினார்கள். ஆனால் படுக்கை காலி இல்லை! அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அங்கும் படுக்கை இல்லை. நடுநிசி கடந்து ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் ஆஸ்பத்திரி. அங்கே தலைக்காயத்திற்கு வைத்தியப் பிரிவு இல்லை. இரண்டு மணிக்கு நேஷனல் மெடிக்கல் காலேஜ். படுக்கை இல்லை. விடிந்த பிறகு பாங்கூர் நரம்பியல் நிலையம். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இது அவசரக் கேஸ், இங்கே முடியாது என்றார்கள். காலை பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி. அங்கேயும் முடியாது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. மதுராப்பூரையும் சேர்த்து ஏழு சர்க்கார் வாசல்கள்! கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு வாரம் வைத்தியம் பார்த்தார்கள். ஆள் பிழைத்தார். செலவு பதினேழாயிரம் ரூபாய். கூலிக்காரன் பதினேழாயிரத்துக்கு எங்கே போவான்?

அவர் உறுப்பினராயிருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் இதைச் சும்மா விடவில்லை. அது கட்சி சாராத சங்கம். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 மே 6ந் தேதி தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21வது ஷரத்தின்படி, ஆபத்தில் வந்தவனுக்குத் தக்க நேரத்தில் சிகிச்சை தராதது அந்த உரிமையைப் பறித்ததாகும் என்றது கோர்ட். நஷ்ட ஈடு 25,000 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையங்களிலே முதற்கட்ட வசதி இருக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரிந்துகொள்ளச் செய்தித் தொடர்பு வேண்டும், கருவிகளோடு ஆம்புலன்ஸ் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பணமில்லை என்ற சாக்கு சர்க்காருக்கு உதவாது என்றும் சொன்னது.

ஒன்றை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அன்று மேற்கு வங்கத்தில் நடந்தது இடதுசாரி முன்னணி ஆட்சி. வழக்கில் பிரதிவாதி அந்த சர்க்கார்தான். சர்க்கார் யாருடையதானாலும், வாசலில் கிடக்கிற தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்.

இதற்கு முன்னமே, 1989ல், பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள், இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். வழியிலேயே உயிர் போயிற்று. சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், உயிரைக் காப்பது முதல் கடமை. எந்தச் சட்டமும் விதியும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் அப்போது தீர்ப்பளித்தது. 1994ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவிலும் இதைச் சேர்த்தார்கள்: விபத்தில் அடிபட்டு வந்தவனுக்கு, எந்தச் சடங்குக்கும் காத்திராமல், டியூட்டி டாக்டர் உடனே சிகிச்சை செய்ய வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதிகள். 2011ல் எங்கள் ஊரில் கட்டடச் சாரம் சரிந்து ஒரு தோழர் விழுந்தார். ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "போலீஸ் கேஸா? முன்பணம் எவ்வளவு கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார்கள். நான் கெஞ்சினேன். சட்டம் பேசத் தெரியவில்லை. கெஞ்சிக்கெஞ்சி அரைமணி நேரம் போனது. பிறகு ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். உயிர் தப்பியது, வலது கால் போயிற்று. அந்த அரைமணி நேரத்தால் போயிற்றா என்று டாக்டரைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் அவர் வீட்டு வழியே போகும்போது நடையை எட்டிப் போடுகிறேன்.

ஆகவே அளவோடு தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் கடமை என்ன? தன்னிடமுள்ள ஆளையும் வசதியையும் கொண்டு முதலில் உயிரைத் தாங்கி நிறுத்த வேண்டும். தனக்கு மிஞ்சியதென்றால் அதன் பிறகு அனுப்பலாம். 2010ம் வருஷத்து மத்திய மருத்துவ நிறுவனச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் அமலில் இல்லை. தமிழ்நாட்டிற்கு 1997ல் போட்ட தனிச் சட்டம் உண்டு. ஆனால் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு தேசம் முழுவதற்கும் பொருந்தும். பலாத்காரத்திற்கு ஆளான பெண்ணுக்கும், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களுக்கும் உடனே இலவச சிகிச்சை தர மறுத்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு. தனியாருக்கும் அது பொருந்தும்.

பில்லை யார் கட்டுவது? வம்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 2023ல் ராஜஸ்தான் சட்டசபை சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது என்றது. உடனே தனியார் டாக்டர்கள் வீதிக்கு வந்தார்கள், ஆஸ்பத்திரிகளை மூடினார்கள். சர்க்கார் பணத்தைத் திருப்பித் தருமா என்பது அவர்கள் சந்தேகம். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சிறு ஆஸ்பத்திரி நடத்துகிறவர் எல்லாரும் கோடீஸ்வரர் அல்ல. ஆனால் அந்தச் சந்தேகத்திற்கு விலையாக நோயாளியின் உயிரைக் கேட்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை சர்க்கார் ஏற்கும். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்றார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு? தென்னையிலிருந்து விழுந்தவனுக்கு? கதிரடிக்கும் மெஷினில் கை சிக்கிய பெண்ணுக்கு? சிகிச்சை தரும் கடமை ஆஸ்பத்திரிக்கு உண்டு. பில்லோ அவன் தலையில்! வேலைத்தலத்தில் நேரும் விபத்தையும் இத்திட்டத்தில் சேர் என்பதை நமது சங்கம் கோரிக்கையாக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகிறவன் போலீசுக்குப் பயப்பட வேண்டாம். 2016ல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்ட விதிகளும், 2019ல் மோட்டார் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் சாலை விபத்தில் உதவி செய்கிறவனுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது.

சற்று முன் ஒரு தாய் கேட்டார்: "அவர்கள் முடியாது என்று சொன்னால் நாங்கள் என்ன செய்ய?" முதலில், சண்டை போட்டு நேரத்தை இழக்காதீர்கள், தாயே. ஒருவர் 108க்கு போன் செய்யட்டும். இன்னொருவர் டியூட்டி டாக்டரிடம், "சிகிச்சை மறுக்கிற காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கட்டும். எழுதச் சொன்னதும் பல இடங்களில் ஸ்ட்ரெச்சர் வந்திருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதவும் மறுத்தால் மணியையும், பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டு ஆளோடு அடுத்த இடத்திற்குப் போய்விடுங்கள். குறித்த சீட்டை மறுநாள் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள்.