கல்லெழுத்தும் நிழற்படமும்
(எட்டயபுரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழங்கோயில்களுக்குத் திருப்பணி செய்தல் நம் முன்னோர் போற்றிய அறம். அவ்வறத்தைத் தொடங்குமுன் நாம் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. அதனை விளக்குதற்பொருட்டு, நூற்றறுபது ஆண்டுகட்கு முன் நம் நாட்டுக் கோயில்களை நிழற்படம் எடுத்த ஒருவர் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

லின்னேயஸ் டிரைப் என்பார் 1822-இல் இங்கிலாந்திற் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைப் படையில் அலுவல் பார்த்தவர். நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839-இல். இருபது ஆண்டு நிரம்புமுன்னரே, 1856-இல், சென்னை அரசாங்கத்தார் இவரைத் தம் நிழற்படக்காரராக அமர்த்தினர். 1857-ஆம் ஆண்டிறுதியிற் பெங்களூரினின்று புறப்பட்ட இவர், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களிற் படமெடுத்தார்.

அஃது எளிய தொழிலன்று. மெழுகூட்டிய தாளில் வெள்ளியுப்பு ஏற்றிப் பெட்டியுள் வைத்து, ஒரு படத்திற்குப் பல நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அதனாலன்றோ அசையாத கல் அப்படங்களில் தெளிவாக விளங்க, நடமாடிய மாந்தர் உருப்பதியாது மறைந்தனர்!

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பிற்காலத்தில், ஆளுநர் நேப்பியர் பிரபு நாளிலே, செப்பனிடப்பெற்றது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த நிலையை டிரைப் எடுத்த படங்களில் இன்றுங் காணலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுக்களையோ, அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஹுல்ஷ் என்னும் அறிஞர் அக்கோயிற் கல்வெட்டுக்களை அச்சிடத் தொடங்கியது அதற்குச் சற்றொப்ப முப்பது ஆண்டு கழித்தே, 1891-இல். அவற்றில் அரசன் பெயர் மட்டுமோ உள்ளது? ஆடல்மகளிர், இசைவாணர், இடையர் முதலியோர் பெயர்களும் உள்ளன. எளிய குடிகளின் வரலாறு கல்லிலன்றி வேறெங்கே கிடைக்கும்?

இத்தகைய பணியை, 1859-இல் ஆளுநராக வந்த திரெவெலியன் ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார்.

அன்பர்களே! எட்டயபுரம் சமீனைச் சேர்ந்திருந்த கழுகுமலையை நினைமின். ஒரே பாறையிற் செதுக்கி முற்றுப்பெறாது நிற்கும் வெட்டுவான் கோயிலையும், சமணத் திருவுருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துக்களையும் பலர் அறிவர். சிற்றூர்க் கோயில்களின் எழுத்துக்களை யார் அறிவார்? சுண்ணாம்பு பூசி மறைத்தலும், மணலை வீசித் துலக்கித் தேய்த்தலும், சுவரைப் பிரித்துக் கல்லை மாற்றி அடுக்குதலும் திருப்பணியின் பெயராலேயே நிகழ்கின்றன. கொடையளித்தோன் பெயரை அழித்துவிட்டுக் கொடையைப் போற்றுதல் எங்ஙனம்?

இறைவன் திருமேனியைப் படமெடுத்தல் தகாது என்பார் உளர். அவ்வழக்கை நாம் மதிக்கின்றோம். நாம் வேண்டுவது புறச்சுவரும் தூணும் படியுமே. கோயிலாரிடம் இசைவு பெற்று, சாய்வெயில் விழும் காலையிலோ மாலையிலோ எடுத்தால் எழுத்துக்கள் நிழலால் தெளிவுறும். அளவுகோலொன்றை அருகில் வைத்து, வரிசை தவறாது எடுத்து, இடமும் நாளும் குறித்திடுக. எழுத்தின்மேல் எண்ணெயோ சுண்ணமோ தடவற்க. ஒரு படி சங்கத்திலும், ஒரு படி தொல்லியல் துறையாரிடத்தும் இருத்தல் வேண்டும்.

அன்று அரசாங்கமே செலவுக்கு அஞ்சிக் கைவிட்ட பணியை, இன்று கைப்பேசி வைத்திருக்கும் பள்ளி மாணவன் செலவின்றிச் செய்யலாம். ஆதலின், சாரம் கட்டுமுன் கல்லெழுத்தைப் படமெடுப்பது என்னும் நியதியை நம் சங்கத் திருப்பணிக் குழுவினர் மேற்கொள்ளுமாறு வேண்டி அமைகின்றோம்.