தொற்றுநோயும் மன அமைதியும்



தொற்றுநோய்க் காலத்தில் மனத்தை நிலைப்படுத்திக் கொள்ளப் புத்தர் கொள்கை எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். புத்தரை இன்னொரு சாமியாக்கி உங்கள் வீட்டு மாடத்தில் வைக்கச் சொல்ல நாம் வரவில்லை. பெரியவர் சொன்னார், ஏட்டில் இருக்கிறது என்பதற்காக மாத்திரம் ஒன்றை நம்பிவிடாதீர்கள் என்று கேசபுத்தம் என்னும் ஊரில் இருந்த காலாமர்களுக்குச் சொன்னவர் அவர். ஆகையால் அவர் சொன்னதையும் நாம் அப்படியே பரீட்சித்துப் பார்க்கலாம்.

அவர் ஓர் உவமை சொன்னார். ஒருவன்மேல் அம்பு தைக்கிறது; வலிக்கிறது. அறிவில்லாதவன் அதற்காக அழுது புலம்பி மனத்திலும் இரண்டாவது அம்பு ஒன்றைத் தைத்துக் கொள்கிறான். அறிவுள்ளவனுக்கும் உடம்பு வலிக்கத்தான் வலிக்கும். ஆனால் அந்த இரண்டாவது அம்பு அவனுக்கில்லை.

இப்பொழுது 2020-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச்சு 11-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொல்லிற்று. 22-ந் தேதி வைத்திய ஊழியர்களுக்கு நன்றி காட்டத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். (அந்தச் சத்தத்திலேயே கிருமி செத்துவிடும் என்று நம்பித் தட்டின புண்ணியவான்களும் உண்டு!) ஒரு மாதம் ஆகவில்லை. சென்னையில் அந்நோயால் மாண்ட ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கக் கொண்டுபோன வண்டியை ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் அடித்து விரட்டிற்று. முறைப்படி ஆழப் புதைத்த பிணத்திலிருந்து ஊருக்கு நோய் பரவும் என்பதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை. முடிவில் அவருடைய சக டாக்டர் ஒருவரே இரவில் தம் கையால் மண்ணைத் தள்ளிப் புதைக்க வேண்டியதாயிற்று. கல்லை எறிந்தது கிருமியா, தோழர்களே? எறிந்தவர்களும் நம்மைப்போல் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். பயம் முற்றினவுடன் ஆள் வேறாகிவிட்டான்.

மூச்சைக் கவனி என்றார் புத்தர். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அதனால் கிருமியும் சாகாது. அதற்கு முகமூடியும் தடுப்பூசியுந்தான் வேண்டும். பயம் வந்தபோது 'இது பயம்' என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. இந்தச் சேதியை யார் சொன்னது, ருசு என்ன என்று கேட்கும் புத்தி அந்த அவகாசத்தில்தான் வரும்.

அமைதி என்றால் 'எல்லாம் விதி' என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதுதானே என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். விநயபிடகத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கண்ட ஒரு பிக்ஷு தன் மலஜலத்திலேயே கிடந்தான். அவனால் மற்ற பிக்ஷுக்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று யாரும் எட்டிப்பார்க்கவில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தாம் ஊற்றினார்; ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் அவரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். மற்ற பிக்ஷுக்களைக் கூட்டி விசாரித்தது அதற்குப் பிறகுதான்.