வள்ளல் அழகப்பரின் அவசரம்

இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே!

வள்ளல் அழகப்பரின் ஈகையைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். எனக்கோ அவருடைய அவசரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசை.

1909 ஏப்ரல் 6இல் கோட்டையூரில் பிறந்தார். அந்தக் காலத்துச் செட்டிநாட்டுப் பிள்ளை கணக்கெழுதப் பழகினால் போதும், கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்குக் கப்பலேறிவிடலாம். இவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றார். கொச்சி சமஸ்தானத்தில் பஞ்சாலை, பிறகு விமான நிறுவனம் என்று தொழில்கள் பெருகின. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம்.

செட்டிநாட்டு நகரத்தார் வழக்கில் மகமை என்று ஒன்று உண்டு. வருமானத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கென்று தனியே எழுதிவைப்பார்கள். எத்தனையோ கோயில் திருப்பணிகள் அந்தப் பணத்தில் நடந்தவை. அழகப்பரும் அந்த மரபில் வந்தவர்தான். ஆனால் ஐந்தொகை போட்டு, மிச்சம் பார்த்து, அப்புறம் கொடுத்தவர் அல்லர்!

1947. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் மேடையில் கேட்கிறார். அந்தக் கூட்டத்திலேயே அழகப்பர் லட்ச ரூபாய் அறிவித்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்குக் கொடுத்தார். கட்டடம் இருந்ததா? இல்லை. ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்டில், சுதந்திர நாளுக்கு முன்பே, காந்தி மாளிகையில் கல்லூரி பிறந்துவிட்டது.

அடுத்த ஆண்டே நம் காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்வேதியியல் என்ற சொல்லை அன்று இந்த ஊரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வானம் பார்த்த இந்த மண்ணில் 300 ஏக்கரும், கூடவே 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அடிக்கல் நாட்ட 1948 ஜூலையில் நேரு இங்கே வந்தார்.

பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது, தாம் குடியிருந்த வீட்டையே ஒழித்துக் கொடுத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இருப்பதில் கொஞ்சம் கொடுப்பது வேறு. இருக்கும் வீட்டையே கொடுப்பது வேறு அல்லவா?

ஏன் இத்தனை அவசரம்? தொழுநோய் அவர் உடலை வருத்திக்கொண்டிருந்தது. நோயாளியைக் கண்டால் ஊர் ஒதுங்கிப் போன காலம் அது. நாள் குறைவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1957 ஏப்ரல் 5இல் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும்.

பின்னால் நிற்கும் பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும், நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் யார் என்று கேளுங்கள். எந்தக் கல்லூரியில் என்றும் கேளுங்கள்.